சாயம் படிந்த விரல்கள்: பால் எர்லிக்கின் கதை

ஹாஸ்டல்ல யாருக்காவது காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவோம்? ரெண்டு நாள் பாரசிட்டமால். மூணாவது நாளும் விடலைன்னா ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண்ணு நேரா பிளேட்லெட் எண்ணிக்கைக்குத்தான் போகும். டெங்கு பயம்! அதே தாளில் நியூட்ரோஃபில், இயோசினோஃபில், பேசோஃபில், லிம்போசைட்னு ஒரு பட்டியலும் இருக்கும். அதை நாம யாரும் படிக்கிறதில்லை.

அடுத்த தடவை படிச்சுப் பாருங்க. அதில் முதல் மூன்று பெயர்களும் சாயங்களை வைத்துச் சூட்டப்பட்டவை. இயோசின் என்ற சிவப்புச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் செல் இயோசினோஃபில். காரச் சாயங்களைப் பிடிப்பது பேசோஃபில். இரண்டுக்கும் நடுவில் நிற்பது நியூட்ரோஃபில். இந்த வெள்ளை அணுக்களைச் சாயம் போட்டுப் பிரித்துக் காட்டியவர் பால் எர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர். இறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார் என்று சொல்லலாம். ஒரு சாயம் ஏன் இந்த செல்லில் ஒட்டுகிறது, பக்கத்து செல்லில் ஏன் ஒட்டுவதில்லை? கேட்க ரொம்ப சின்னக் கேள்வியா இருக்கு இல்லையா? இன்றைக்கு ஒரு பன்றியின் ரத்தத்தில் இருக்கும் டி செல் எப்படி விழித்துக்கொண்டு நோயோடு சண்டைக்குப் போகிறது என்று ஆராய்கிறவர்கள்கூட அந்தக் கேள்வி போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள். எப்படின்னு பார்ப்போம், வாங்க.

மேசையெல்லாம் சாயம்

1854 மார்ச் 14 அன்று, அப்போதைய பிரஷ்யாவின் சைலீசியா பகுதியில் ஸ்ட்ரேலன் என்ற சிறு ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் எர்லிக் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அப்பா சத்திரம் நடத்தியவர். அம்மா வழி உறவினர் ஒருவர் கார்ல் வைகர்ட். எர்லிக்கை விட ஒன்பது வயது மூத்தவர், நோயியல் அறிஞர். பாக்டீரியாவுக்கு அனிலின் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். அண்ணன் செய்வதைப் பார்த்துத் தம்பிக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அது நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்கள் வந்துகொண்டிருந்த காலம். ஜெர்மன் சாயத் தொழிற்சாலைகள் ஆண்டுக்கு ஆண்டு புதுப் புது நிறங்களை இறக்கின. டெக்ஸ்டைல், கெமிக்கல் பிரிவு நண்பர்களுக்கு இது நல்லாவே தெரிஞ்ச கதை. துணிக்குப் போடச் செய்த அந்தச் சாயங்களை எர்லிக் திசுக்களில் போட்டுப் பார்த்தார். பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், ஃபிரைபர்க், லைப்சிக் என்று நாலு இடத்தில் படித்தார். வகுப்பில் கவனம் இருந்த மாணவர் என்று யாரும் சொன்னதில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் அவருடைய மேசை மட்டும் வானவில் மாதிரி கறை படிந்து கிடக்கும். அங்கே உடற்கூறியல் பேராசிரியராக இருந்த வால்டையர் அதைப் பார்த்து அதட்டவில்லை. தன் போக்கில் விட்டுவிட்டார். நமக்கும் இப்படி ஒரு சார் கிடைச்சா நல்லாத்தான் இருக்கும்!

1878-ல் லைப்சிக்கில் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஆய்வேடு எதைப் பற்றி? வேற என்ன, சாயம் போடுவதைப் பற்றித்தான். சாயம் ஒட்டுவது ஏதோ தற்செயல் இல்லை, சாயத்துக்கும் செல்லுக்கும் நடுவே ஒரு வேதியியல் பொருத்தம் இருக்கிறது என்று அவர் நம்பினார்.

தன் சளியில் தன் நோய்

பட்டம் வாங்கியதும் பெர்லினில் உள்ள ஷாரிட்டே மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கேதான் ரத்த அணுக்களைப் பிரித்தார். 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தபோது எர்லிக்கும் கூட்டத்தில் இருந்தார். அந்தக் கிருமிக்குச் சாயம் ஏற்றுவது பெரும்பாடாக இருந்தது. உடனே லேபுக்குப் போய் அதைச் சுலபமாக்க உட்கார்ந்துவிட்டார். காயவைக்க அடுப்பின் மேல் வைத்த கண்ணாடித் தகடுகளை யாரோ தெரியாமல் சூடாக்கிவிட, சாயம் இன்னும் நன்றாக ஏறியிருந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த முறையைப் பின்னால் சீல், நீல்சன் என்ற இருவர் செம்மைப்படுத்தினார்கள். இன்றும் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யும் இடங்களில் அது உயிரோடு இருக்கிறது.

1888-ல் எர்லிக்குக்கே இருமல் வந்தது. தன் சளியைத் தானே சாயம் போட்டுப் பார்த்தார். காசநோய். அவருக்கு வயது 34, மனைவி ஹெட்விக், இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். வறண்ட காற்றுக்காக எகிப்துக்குப் போய், 1889-ல் ஓரளவு குணமாகித் திரும்பினார். திரும்பி வந்தபோது கையில் வேலை இல்லை. பெர்லினில் ஒரு சின்னத் தனி லேபைத் தானே தொடங்கினார். 1891-ல் கோக் தன் புதிய நிறுவனத்துக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்.

குன்றிமணி படித்த பாடம்

இங்கே நம்ம ஊர்ச் சமாச்சாரம் ஒண்ணு வருது. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்போமே, சிவப்பும் கறுப்புமா, குன்றிமணி! தட்டான்கள் தங்கம் நிறுத்ததும் அதை வைத்துத்தான். அதற்குள் ஏப்ரின் என்ற கொடிய நச்சு இருக்கிறது. ஆமணக்கு விதையில் ரிசின் என்று இன்னொரு நச்சு. எர்லிக் இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

எலிகளுக்கு ரிசினை முதலில் மிக மிகக் கொஞ்சமாகத் தீனியில் கலந்து கொடுத்தார். சிறிது சிறிதாக அளவைக் கூட்டினார். சில நாட்களில், சாதாரண எலியைக் கொல்லும் அளவைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு நச்சையும் அந்த எலிகள் தாங்கின. ஆனா முக்கியமான விஷயம் இனிமேதான். ரிசினைத் தாங்கிய எலிக்கு ஏப்ரின் கொடுத்தால் செத்துப்போனது. ஏப்ரினுக்குப் பழகிய எலி ரிசினைத் தாங்கவில்லை. இரண்டும் விதை நச்சுதான், செய்யும் கேடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இருந்தும் உடம்பு இரண்டையும் தனித்தனியாக அடையாளம் கண்டிருந்தது. எதிர்ப்பாற்றல் பெற்ற தாய் எலியின் பாலைக் குடித்த குட்டிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு போய்ச் சேருவதையும் அவர் காட்டினார்.

சாயத்தில் பார்த்த அதே விஷயம் இங்கேயும். ஒன்று ஒட்டுகிறது, மற்றது ஒட்டுவதில்லை.

செல்லின் மேல் ஒரு சாக்கெட்

அப்போது ஐரோப்பாவில் டிப்தீரியா குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தது. எமில் பேரிங்கும் கிடாசாட்டோவும் 1890-ல், நோய்க்குப் பழக்கிய விலங்கின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் நச்சை முறிக்கும் என்று காட்டியிருந்தார்கள். ஆனால் ஒரு பாட்டில் சீரம் வேலை செய்தது, அடுத்த பாட்டில் செய்யவில்லை. எவ்வளவு கொடுத்தால் குழந்தை பிழைக்கும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நம்ம பாஷையில் சொன்னா, தயாரிப்பு ரெடி, ஸ்டாண்டர்ட் இல்லை.

அந்த அளவுகோலை உண்டாக்கியவர் எர்லிக். காய்ந்த நிலையில் வெற்றிடத்தில் கெடாமல் பாதுகாத்த ஒரு மாதிரி சீரத்தை வைத்துக்கொண்டு, மற்ற எல்லாச் சீரத்தையும் அதோடு ஒப்பிட்டார். மருத்துவத்தில் இப்படி யூனிட் கணக்கு வேரூன்றியது இங்கேதான். முதல் நோபல் மருத்துவப் பரிசு 1901-ல் பேரிங்குக்குத் தனியாகப் போனது. ஒரு காலத்தில் நண்பர்களாக இருந்த இருவருக்கும் இடையே அதற்குள் கசப்பு வந்துவிட்டிருந்தது.

அளக்கும் வேலையில் அவர் ஒரு வினோதத்தைக் கண்டார். நாளான நச்சு கொல்லும் சக்தியை இழந்துவிடும். ஆனாலும் சீரத்தோடு முன்போலவே பிணைந்துகொள்ளும். அப்படியானால் நச்சில் இரண்டு பகுதி இருக்க வேண்டும். பிடிக்கும் பகுதி ஒன்று, கெடுக்கும் பகுதி இன்னொன்று. சரி, பிடிக்கிறதுன்னா எதைப் பிடிக்குது?

1897-ல் அவர் கொடுத்த பதில் இதுதான். செல்லின் மேற்பரப்பில் பக்கச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உணவை உள்ளே இழுக்கத்தான் அவை இருக்கின்றன. தற்செயலாக நச்சின் பிடி அதில் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது, டைப்-சி சார்ஜர் அதன் சாக்கெட்டில் உட்காருவது மாதிரி. மாட்டிக்கொண்ட சங்கிலி பயனற்றுப் போவதால் செல் புதிதாக முளைக்கவிடுகிறது. முறிந்த எலும்பு கூடும்போது அந்த இடம் தடித்துவிடுகிறதே, அதுபோல் தேவைக்கு மேல் முளைக்கிறது. மிஞ்சியவை உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கின்றன. அவைதான் ஆன்டிபாடி. நச்சு செல்லை அடையும் முன்பே அவை அதைப் பிடித்துவிடுகின்றன. 1900 வாக்கில் இந்தப் பக்கச் சங்கிலிக்கு ரிசெப்டர் என்று பெயர் வந்தது. தமிழில் ஏற்பி என்கிறோம்.

ஒரு ஏற்பியைக்கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எர்லிக் அவற்றைப் படமாக வரைந்தார், வாயைத் திறந்த மீன் மாதிரி, கொக்கி மாதிரி. மேசை விரிப்பு, சட்டைக் கஃப், தரை என்று எங்கேயும் வரைவாராம். பாரிஸில் இருந்த போர்தே போன்றவர்கள், பார்க்காத ஒன்றுக்கு இவ்வளவு படமா என்று கடுமையாக எதிர்த்தார்கள். அவர் அதற்காகப் படம் வரைவதை நிறுத்தவில்லை.

தன்னைத் தானே தாக்குமா உடம்பு?

1899-ல் அவருடைய நிறுவனம் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு மாறியது. அங்கே ஆடுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஓர் ஆட்டுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தை ஊசி மூலம் செலுத்தினார். அது மற்ற ஆடுகளின் சிவப்பணுக்களை அழிக்கும் ஆன்டிபாடிகளை உண்டாக்கியது. தன் சொந்த ரத்தத்தை மட்டும் தொடவில்லை. இதிலிருந்து, தன்னையே நஞ்சாக்கிக்கொள்வதை உடம்பு எப்படியோ தவிர்த்துக்கொள்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

பாதி சரி, பாதி தப்பு. உடம்பு தன்னைத் தாக்காமல் இருக்க ஏற்பாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு சில நேரம் உடையும். முடக்குவாதம், முதல் வகைச் சர்க்கரை நோய் எல்லாம் அப்படி உடைந்ததால் வருபவைதான். எர்லிக்கின் பெயருக்கு இருந்த மதிப்பாலேயே பல ஆண்டுகள் நிறையப் பேர் அந்தப் பக்கம் தேடவே இல்லை. பெரிய ஆள் சொன்னா அப்படியே எடுத்துக்கிறது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லைங்க.

1908-ல் நோபல் பரிசு வந்தது. பகிர்ந்துகொண்டவர், கிருமியை விழுங்கும் செல்களைக் கண்ட மெச்னிகோவ். ஒருவர் ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடியின் பக்கம், மற்றவர் செல்லின் பக்கம்.

606

எர்லிக் அடுத்து யோசித்தது இப்படி. நச்சு செல்லைத் தேடிப் போய்ப் பிடிக்கிறது என்றால், கிருமியை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒரு நச்சை நாமே செய்ய முடியாதா? மனித செல்லில் ஒட்டக் கூடாது, கிருமியில் ஒட்ட வேண்டும். இதைத்தான் மந்திரத் தோட்டா என்றார்.

ஆர்சனிக் சேர்ந்த சேர்மங்களை ஆல்ஃபிரட் பெர்தைம் போன்ற வேதியியலாளர்கள் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் செய்தார்கள். எண் போட்டு வரிசையாகச் சோதித்தார்கள். 606 என்ற எண்ணுள்ள சேர்மத்தை முன்பே ஒரு உதவியாளர் சோதித்துப் பயனில்லை என்று ஒதுக்கியிருந்தார். 1909-ல் ஜப்பானிலிருந்து சகாசிரோ ஹாட்டா வந்தார். சிஃபிலிஸ் என்ற மேகநோயை முயல்களில் உண்டாக்கிச் சோதிக்கத் தெரிந்தவர். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சோதிக்கச் சொன்னார் எர்லிக். 606 வேலை செய்தது.

1910-ல் அறிவித்தார்கள். சால்வர்சான் என்ற பெயரில் ஹோக்ஸ்ட் நிறுவனம் தயாரித்தது. விற்பனைக்கு வரும் முன்பே சுமார் 65,000 டோஸ்களை மருத்துவர்களுக்கு இலவசமாக அனுப்பி முடிவுகளைக் கேட்டு வாங்கினார். மருந்து காற்றுப் பட்டால் கெட்டுவிடும், கரைப்பது கஷ்டம், ஊசி போடுவதும் கஷ்டம். தவறாகக் கையாண்ட இடங்களில் நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள், சிலர் இறந்தும் போனார்கள். ஒவ்வொரு புகாரும் அவரைத் தூங்கவிடவில்லை. கரைப்பதற்குச் சுலபமான நியோசால்வர்சான் 1912-ல் வந்தது. இருந்தும் பணத்துக்காக மக்களைச் சோதனை எலியாக்குகிறார் என்று பத்திரிகைத் தாக்குதல்கள், யூதர் என்பதற்காகவே வெறுப்புப் பிரசாரம். 1914-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அவதூறு வழக்கு நடந்து, பழி சொன்னவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. எர்லிக் ஜெயித்தார், ஆனால் உடம்பு தளர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு நாள் முழுக்க விடாத சுருட்டு. அந்த ஆண்டே போர் தொடங்கியது. பெர்தைம் விபத்தில் இறந்தார். 1915 ஆகஸ்ட் 20 அன்று பாட் ஹோம்பர்க்கில் எர்லிக் காலமானார். வயது 61.

நாஜி ஆட்சியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அவர் பெயர் இருந்த தெருப் பலகையைக்கூடக் கழற்றினார்கள். ஹெட்விக் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. போருக்குப் பின் 1947-ல் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பிறகு 200 மார்க் நோட்டிலும் அவர் முகம் வந்தது.

ஏற்பி திரும்பி வந்தது

அவர் இறந்த பின் ஏற்பிக் கொள்கையும் மங்கியது. லேபில் செய்த, இயற்கையில் இல்லாத வேதிப்பொருளுக்குக்கூட உடம்பு ஆன்டிபாடி செய்கிறது என்று லான்ட்ஸ்டைனர் காட்டினார். இல்லாத பொருளுக்கெல்லாம் செல் முன்கூட்டியே சாக்கெட் வைத்திருக்குமா? அதெப்படி முடியும் என்று பலரும் கைவிட்டார்கள். 1950-களில் யெர்னே, பர்னெட் ஆகியோர் வந்து, முடியும் என்றார்கள். ஒரே செல்லில் எல்லாச் சாக்கெட்டும் இல்லை. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வகைச் சாக்கெட், கோடிக்கணக்கான செல்கள். பொருத்தமானது மாட்டியதும் அந்த செல் மட்டும் பெருகும். எந்த செல் அது? லிம்போசைட். உங்க ரத்த ரிப்போர்ட்டில் நாலாவதாக இருந்ததே, அதுதான். தன் ஏற்பியின் வீடு அது என்று எர்லிக் கடைசி வரை அறியவில்லை.

லிம்போசைட்டில் ஒரு வகை டி செல். அதன் ஏற்பிக்கான மரபணுக்கள் 1984-ல் கண்டுபிடிக்கப்பட்டன. இப்போ பன்றிக்கு வருவோம். வைரஸ் தொற்றிய பன்றியின் செல், வைரஸ் புரதத்தின் சிறு துண்டு ஒன்றைத் தன் மேற்பரப்பில் ஒரு தட்டில் வைத்துக் காட்டும். பன்றிகளில் அந்தத் தட்டுக்கு எஸ்.எல்.ஏ. என்று பெயர். டி செல்லின் ஏற்பி அந்தத் துண்டோடு பொருந்தினால், பக்கத்திலேயே இருக்கும் சிடி3 என்ற புரதக் கூட்டம் செய்தியை உள்ளே கடத்தும். நொதிகள் ஒன்றை ஒன்று தட்டி எழுப்பும், செல்லுக்குள் கால்சியம் ஏறும், மரபணுக்கள் இயங்கும். ஆனால் இது மட்டும் போதாது. சிடி28 என்ற இன்னொரு ஏற்பியும் எதிரே இருக்கும் செல்லைத் தொட வேண்டும். பேங்க் லாக்கர் மாதிரி, ரெண்டு சாவியும் போட்டால்தான் திறக்கும். முதல் சாவி மட்டும் விழுந்தால் டி செல் மரத்துப்போய்விடும். நோய் இல்லாத சொந்தத் திசுவில் இரண்டாம் சாவி பொதுவாகக் கிடைக்காது. எர்லிக்கின் ஆடு விட்டுச்சென்ற கேள்விக்கு ஒரு பகுதிப் பதில் இங்கே இருக்கிறது, இல்லையா?

பன்றிக்கென்று சில தனிக் குணங்களும் உண்டு. காமா-டெல்டா என்ற அபூர்வ ஏற்பி உள்ள டி செல்கள் மனித ரத்தத்தில் கொஞ்சம்தான். இளம் பன்றிகளில் அவை ஏராளம். மனிதர்களில் சிடி4, சிடி8 என்ற இரு அடையாளங்கள் பெரும்பாலும் வெவ்வேறு டி செல்களில்தான் இருக்கும். பன்றியிலோ விழித்துக்கொண்ட சிடி4 செல் சிடி8-ஐயும் சேர்த்து அணிந்துகொள்ளும். பன்றிகளுக்குத் தடுப்பூசி செய்பவர்களுக்கு இது ரொம்ப உபயோகமான தடயம். போட்ட தடுப்பூசி டி செல்லை எழுப்பியதா என்று இதை வைத்தே பார்க்கலாம். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு மனிதருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். அதற்கு முன் அந்தப் பன்றியில் பத்து மரபணு மாற்றங்கள் செய்தார்கள். அவற்றில் மூன்று, மனித ஆன்டிபாடி வந்து பிடித்துக்கொள்ளும் சர்க்கரைகளைச் செல்லின் மேலிருந்து நீக்குவதற்காக. பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் கேடும் இல்லை என்ற எர்லிக்கின் கணக்குதான். அந்த நோயாளி இரண்டு மாதம் வாழ்ந்தார்.

சரி, பன்றியின் டி செல்லில் எந்த ஏற்பி இருக்கிறது என்று லேபில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? சிடி3-ல் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியில் ஒரு ஒளிரும் சாயத்தைக் கோர்ப்பார்கள். சிடி4-க்கு வேறு நிறம், சிடி8-க்கு வேறு நிறம். செல்களை வரிசையாக லேசர் முன் ஓடவிட்டு, எது எந்த நிறத்தில் மின்னுகிறது என்று எண்ணுவார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் கறை படிந்த மேசையில் ஒரு மாணவர் கேட்ட அதே கேள்வியை இன்று ஒரு மெஷின் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை கேட்கிறது.

பக்கச் சங்கிலி உணவுக்காக இருக்கிறது என்றார், தப்பு. உடம்பு தன்னைத் தாக்காது என்றார், முழுக்கச் சரியில்லை. லிம்போசைட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டார். இத்தனைக்கும் பிறகு அவர் கேள்வி நிற்கிறது. நீங்க ப்ராஜெக்ட்ல மாட்டிக்கிட்டு, இதெல்லாம் ஒரு கேள்வியான்னு யாராவது சிரிச்சா, குன்றிமணி கொடுத்த அந்த எலிகளைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. ரத்த ரிப்போர்ட் கைக்கு வந்தால், பிளேட்லெட்டைத் தாண்டி நாலாவது வரி வரைக்கும் ஒரு தடவை படிச்சிடுங்க.